சுவர்ப்பக்கம்

மாலை மணி நான்கு பன்னிரண்டு. பலகையில் மூன்று காய்கள். ஆட வேண்டியவள் பவுலினா. அப்போதுதான் மின்சாரம் போனது. பலகைக்கு மேலே தொங்கிய விளக்கு அணைந்தது, கல்யாண மண்டபத்து மின்விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன, பின்வரிசையில் யாரோ வழக்கம்போல ‘ஓ’ என்று கத்தினார்கள். நான் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினேன். விதிப்படி ஆடுகிற இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும்; நடுவர் காய்களைக் காவல் காக்க வேண்டும். நான் காவல் காக்கிறேன். வெள்ளை ஒன்று பவுலினாவுக்கு மிச்சம், கறுப்பு இரண்டு எதிரே இருக்கும் ஈரோட்டுப் பெண் தாரிணிக்கு, சிவப்பைத் தாரிணி எடுத்துவிட்டாள். மூன்றாவது ஆட்டம், எட்டாவது சுற்று, போர்டு என்போம், இதற்கு மேல் போர்டு கிடையாது. பவுலினா பத்தொன்பது, தாரிணி பதினெட்டு. இந்த வெள்ளை குழியில் விழுந்தால் மாநில கேரம் அணியில் ஆறாவது இடம், அதாவது கடைசி இடம், பவுலினாவுக்கு. தவறினால் அநேகமாகத் தாரிணிக்கு. அந்த வெள்ளை மேலே வலது குழிக்கு நாலு விரல் தள்ளி நிற்கிறது. நடுவிலிருந்து போகும் வழியைக் கறுப்பு ஒன்று மறிக்கிறது. கோட்டின் வலது கோடியில் ஸ்ட்ரைக்கரை வைத்து மெல்லச் சீவினால்தான் விழும். போட்டுவிடுவாள். நூறு தடவை போட்டிருக்கிறாள், நானே பார்த்திருக்கிறேன். அவள் எங்கள் மன்றத்துப் பெண். தண்டையார்பேட்டை உப்புக்கிடங்குச் சந்தில் எங்கள் மன்றம் வைத்து நாற்பத்தோரு வருடம் ஆகிறது. சந்து ஆறடி அகலம். அதிலிருந்து மாநிலத்துக்கு ஆடப் போனவர்கள் பதினான்கு பேர். இவள் போனால் பதினைந்து, பெண்களில் முதல். இதில் எனக்குப் பயப்பட எதுவும் இல்லை. ஆனால் அவளுடைய வலது கைச் சுண்டு விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மடியில் கிடக்கிறது. சும்மாதான் கிடக்கிறது.

ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வர ஆள் போயிருக்கிறதாம். பத்து நிமிடம் என்றார்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், கோடுகள் நன்றாகவே தெரிகின்றன, ஆனாலும் விளக்கில்லாமல் ஆட விதி இல்லை. நானே இந்த நாற்காலியில் இருந்திருக்க வேண்டியதில்லை. இந்த ஆட்டத்துக்குப் போட்டிருந்த நடுவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். ஒரே மன்றத்துக்காரர் உட்காரலாமா என்று தலைமை நடுவர் இரண்டு தரப்பையும் கேட்டார். ஈரோட்டுப் பயிற்சியாளர் சென்னியப்பன் சிரித்தார். “ஏகாம்பரம் அண்ணனுங்களா? தாராளமா உக்காரட்டுங்க. ஊரான் புள்ளைக்குப் பாயசம், தம் புள்ளைக்குப் பெரம்புன்னு அவரப் பத்திக் கேள்விப்பட்டிருக்கறனுங்க.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பவுலினாவின் அம்மா செலின் மட்டும் சிரிக்கவில்லை. “இன்னாத்துக்கு இளிக்கிற? நீ உக்காந்தா எம்பொண்ணு ரெண்டு பேர எதுத்து ஆடணும்,” என்றாள். பவுலினா தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டே, “வுடும்மா. மாமா முன்னால ஜெயிச்சாத்தான் அது ஜெயிப்பு,” என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். எண்பதடி உயரத்திலிருந்து பெட்டியை இறக்கும்போது கீழே நிற்கிறவன் சொந்த மைத்துனனா, பீகாரியா என்று கண் பார்க்காது. இடம் பார்க்கும், அவ்வளவுதான். அந்தக் கண்ணைத்தான் இந்த நாற்காலிக்கும் கொண்டுவந்தேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை பேட்டியில்கூடச் சொன்னேன், சின்னப் பத்திரிகை, படம் போட்டார்கள். இப்போது காற்றில்லாமல் சட்டை முதுகில் ஒட்டுகிறது. மதியம் சிரித்த அந்தச் சிரிப்பு எங்கேயோ இடிக்கிறது. பாயசம் என்றாரே. நான் யாருக்கு எப்போது பாயசம் ஊற்றினேன்?

இன்றைக்கே ஊற்றியிருக்கிறேன். இரண்டாவது ஆட்டம், மூன்றாவது போர்டு. தாரிணி ஸ்ட்ரைக்கரை வைத்தபோது அது கீழ்க்கோட்டைத் தொடவில்லை. இரண்டு கோட்டையும் தொட்டாக வேண்டும், தொடாமல் அடித்தால் பிழை, ஒரு காயை எடுத்துத் திருப்பி வைக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? “பாத்து வைம்மா” என்றேன். அடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன், அதனால் பிழை ஆகவில்லை. அது சரிதான், நடுவர் எச்சரிக்கலாம். ஆனால் பவுலினா அப்படி வைத்திருந்தால் எச்சரித்திருப்பேனா? அடிக்கட்டும் என்று காத்திருந்திருப்பேன். அப்புறம் பதினைந்து விநாடி. கை வைத்ததிலிருந்து பதினைந்து விநாடிக்குள் அடிக்க வேண்டும். தாரிணி ஒரு தடவை பதினேழு எடுத்தாள். கடிகாரம் என் கையில்தான் இருந்தது. பிள்ளை பயந்திருக்கிறாள், ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே வந்திருப்பாள், புது ஊர், புது பலகை என்று என் மனசு அவளுக்காக வக்காலத்து வாங்கியது. பவுலினாவும்தான் காலையில் மீன் ஏலத்தில் அம்மாவுக்குக் கூடை தூக்கிவிட்டு வந்தாள், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்காக மனசு ஒன்றும் பேசவில்லை. அவளிடம் எனக்கு எதிர்பார்ப்பு இருக்கிறது, ஈரோட்டுப் பெண்ணிடம் இல்லை. எதிர்பார்ப்பு இல்லாதவரிடம் தாராளமாக இருப்பது சுலபம். எங்கள் சந்தில் அப்படித்தான் எல்லோரும் இருந்தோம். வேலூரிலிருந்து ஒரு அணி வந்தது, தொண்ணூற்றி ஆறோ ஏழோ. ஐந்து ஆட்டம் வைத்தோம். நாலில் அவர்கள் தோற்றார்கள், ஒன்றில் எங்கள் நசீர் தோற்றான். வேலூர்க்காரர்களுக்கு வாழை இலை போட்டு பிரியாணி வைத்தோம். “என்னா கட்டு அடிச்சான்யா அந்தக் கண்ணாடி போட்ட ஆளு, நம்ம பசங்க பாத்துக் கத்துக்கணும்” என்று செயலாளர் எத்திராஜ் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். நாலு பேர் தோற்றுவிட்டுச் சிரித்துச் சாப்பிட்டார்கள். நசீர் சாப்பிட்டானா என்று யாரும் கேட்கவில்லை. இலைக்கு உட்கார்ந்தவனை எத்திராஜ் பார்த்த பார்வையில் எழுந்துவிட்டான். தெருமுனை பரோட்டாக் கடையில் நின்றுகொண்டே தின்றதை நான் பார்த்தேன். நானும் அவனைக் கூப்பிடவில்லை. சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனேன். அந்த வருடம் மாவட்டத்திலேயே அவனை மாதிரி இரட்டைக் காய் அடிக்க ஆள் கிடையாது. ஐந்து வருடத்தில் தோற்ற ஒரே ஆட்டம் அது. எத்திராஜுக்கு ஒரு வாசகம் உண்டு: “ஊரான் தோத்தா ஆட்டம், நம்மாளு தோத்தா அவமானம்.” அதை மன்றத்துச் சுவரில் எழுதி வைக்கலாமா என்றுகூட ஒருமுறை யோசித்தோம்.

சுவர். எங்கள் மன்றத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுவர் தெரியும். தகரக் கொட்டகை, உள்ளே டிரம்மின் மேல் பலகை, ஒரு பக்கம் உப்புக்கிடங்கின் சுவர் ஒட்டி நிற்கும். எதிரெதிரே இரண்டு முக்காலி. வாசலைப் பார்த்த முக்காலியில் உட்கார்ந்தால் வலது முழங்கை சுவரில் இடிக்கும். எதிர்முக்காலிக்குச் சுவர் இடதுபக்கம், அடிக்கிற கைக்குத் தடையில்லை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அந்த நல்ல முக்காலியைத்தான் கொடுப்போம், விருந்தாளிக்கு அதுதான் மரியாதை. எங்கள் ஆள் வெளியே போய்த் தோற்று வந்தால் ஒரு மாதம் சுவர்ப்பக்கம். மன்றத்துக் கமிட்டி கூடி, கை தூக்கி, முடிவு செய்வோம். இதை ஒரு தண்டனை என்று நாங்கள் சொல்வதில்லை. ‘இடிச்சு இடிச்சுக் கத்துக்கட்டும்’ என்போம். நான் எண்பத்தெட்டில் திருச்சியில் கால் இறுதியில் தோற்றேன், சேலத்து வங்கிக்காரர் ஒருவரிடம். ரயிலை விட்டு இறங்கினால் வரவேற்க ஒருவரும் இல்லை. வெள்ளிக்கிழமை கமிட்டி, சனிக்கிழமை சுவர்ப்பக்கம். ஒரு மாதம் முழங்கைத் தோல் உரிந்தது. அடுத்த வருடம் மதுரையில் அரை இறுதியில், ஜெயிக்க வேண்டிய அடியில், நடுவர் ‘ஃபவுல்’ என்றார். என் சுண்டு விரல் அம்புக்கோட்டைத் தொட்டுவிட்டதாம். பலகையின் மூலையிலிருந்து நடுவை நோக்கிப் போகிற சாய்ந்த கோடு, அடிக்கும்போது கை அதைத் தொடக் கூடாது. நான் நம்பவில்லை. குனிந்து பார்த்தேன், கோட்டின் மேல் பவுடர் கலைந்திருந்தது. அன்றோடு ஆட்டத்தை விட்டேன். என் கவனக்குறைவு, என் கொழுப்பு, என் கை சரியில்லை என்று இருபத்தெட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முந்தைய வருடம் வரை என் விரல் எந்தக் கோட்டையும் தொட்டதில்லை. அதுவும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன். சுவர் இடித்தால் முழங்கை உள்ளே மடங்கும். முழங்கை மடங்கினால் மணிக்கட்டு வெளியே திரும்பும். மணிக்கட்டு திரும்பினால் சுண்டு விரல் ஊன்றிக்கொள்ள இடம் தேடி ஓரத்துக்குப் போகும். ஓரத்தில் அம்புக்கோடு இருக்கிறது. ஒரு மாதம் அப்படி ஆடினால் சுவர் இல்லாத இடத்திலும் கை சுவரை நினைத்துக்கொள்ளும். தோற்றவனைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தோம். அவன் மறுபடி தோற்றான். மறுபடி உட்கார வைத்தோம். நசீரின் விரலும் பிறகு தொட ஆரம்பித்தது. நான்தான் கண்டுபிடித்துக் கமிட்டியில் சொன்னேன். எல்லோரும் என் கண்ணைப் பாராட்டினார்கள்.

செலின் மூன்றாவது வரிசையிலிருந்து விசிறுகிறாள், போட்டி அழைப்பிதழால். என்னைப் பார்த்துத்தான் விசிறுகிறாள். சென்னியப்பன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “குடிக்கலாமுங்களா, விதி ஒண்ணும் இடிக்காதே?” என்று கேட்டு, முதலில் பவுலினாவிடம் நீட்டுகிறார். அவள் அண்ணாந்து குடித்துவிட்டுத் தாரிணியிடம் தருகிறாள். “உங்க ஊர்ல கரண்ட் போவாதா?” “எங்கூருல போனா வாரதே இல்லீங்க்கா.” இருவரும் சிரிக்கிறார்கள். “பேசாதீங்க” என்கிறேன். சொல்லும்போது பவுலினாவை மட்டும்தான் பார்த்தேன். அதுவும் எனக்குத் தெரிகிறது. இன்றைக்கு எல்லாமே தெரிகிறது, தெரிந்து என்ன பண்ண. பிப்ரவரியில் மாவட்டப் போட்டியில் இவள் பெரம்பூர்ப் பெண் ஒருத்தியிடம் தோற்றாள். இரண்டு புள்ளி வித்தியாசம். கமிட்டி கூடியது, ஐந்து பேர். எத்திராஜ் இப்போது இல்லை, செத்து ஆறு வருடம் ஆகிறது, ஆனால் அவர் சொல்வது போலவே ஒருவர் சொன்னார். முதலில் உயர்ந்த கை என்னுடையது. பெண் பிள்ளை என்று தயங்கினவர்கள் என் கையைப் பார்த்துத் தூக்கினார்கள். ஆணுக்கு ஒரு நியாயம் பெண்ணுக்கு ஒரு நியாயமா, எங்களுக்கு அது கிடையாது என்று எனக்கு அன்றும் பெருமைதான். பவுலினா ஒன்றும் முறைக்கவில்லை. “ஒரு மாசந்தானே மாமா? மூணு மாசமா உக்கார்றேன். அந்தப் பக்கத்துலர்ந்தே அத்தினி பேரையும் காலி பண்றேன்.” பண்ணினாள். மே மாதம் முடிவதற்குள் மன்றத்தில் அவளை ஜெயிக்க ஆண் பெண் யாரும் இல்லை. சுவரில் முழங்கை படும் இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து செங்கல் தெரிந்தது. அதைப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டினோம். நானே காட்டியிருக்கிறேன். அந்த மூன்று மாதத்தில் ஒருநாள்கூட அவள் சுண்டு விரல் என்ன ஆகிறது என்று பார்க்கவில்லை. பார்க்கவில்லையா? பார்த்தேன். மே மாதம் ஒருதரம் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் இருந்தது. அடுத்த வாரம் அரை நூல். சொல்லியிருக்கலாம். சொந்த ஆள்தானே, தானாகத் திருத்திக்கொள்ளட்டும், நாம் சொல்லித் திருந்தினால் அது என்ன திருத்தம் என்று இருந்துவிட்டேன். தாரிணியாக இருந்தால் கையைப் பிடித்துக் காட்டியிருப்பேன். சற்று முன் காட்டினேனே, பாத்து வைம்மா என்று.

ஆகவே இப்போது எனக்கு இரண்டு வழி. விரல் தொட்டால் சொல்வது, தொட்டும் சொல்லாமல் இருப்பது. தொடாமலும் இருக்கலாம். ஒரு நூல்தான். இந்த மண்டபத்தில் அதைப் பார்க்க என்னைத் தவிர ஆள் இல்லை. சுவர்ப்பக்கம் உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த விரல் எங்கே போகும் என்று தெரியும். மற்றவர்கள் எல்லோரும் காயைப் பார்ப்பார்கள். என் நாற்காலி அவளுடைய வலக்கைப் பக்கம் போடப்பட்டிருக்கிறது, ஒரு முழம் தள்ளி. சந்தில் என்றால் இந்த இடத்தில் சுவர் இருக்கும். நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது. நகர்த்தினேன். சிமென்டுத் தரையில் கிரீச்சென்று சத்தம். பவுலினா திரும்பிப் பார்க்கிறாள். “இன்னா மாமா?” “ஒண்ணுமில்ல. முன்னால பாரு.” தவறான ஆளைத் தண்டித்தோம் என்று இப்போது தெரிந்துவிட்டதால் கோடு நகர்ந்துவிடுமா? நகராது. அவள் விரலை நாங்கள் கெடுத்தோம் என்பது உண்மை. விரல் தொட்டால் பிழை என்பதும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மறைத்தால் சென்னியப்பன் மதியம் சொன்னதைவிட மோசமான ஒன்றை நாளைக்கு ஊர் சொல்லும்: சந்துக்காரன் சந்துக்காரிக்குக் கண்ணை மூடினான் என்று. நாற்பத்தோரு வருடத்தில் அந்தச் சொல் எங்கள் மேல் விழுந்ததில்லை. கோப்பைகள் வைக்க எங்களுக்கு இடம் இல்லை, தகரக் கூரையில் மழைக்கு ஒழுகும், ஆனால் உப்புக்கிடங்குச் சந்து என்றால் தமிழ்நாட்டில் எந்தப் போட்டியிலும் நடுவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். அது பொய்யில்லை. அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள்தான், வெளி ஆள் ஒருவர்கூட இல்லை. அதுவும் பொய்யில்லை. நடுவராக இருப்பது சுலபம், அது ஒரு நூல் கணக்கு. கமிட்டியில் கை தூக்கியதைத்தான் எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை. தொடாதே, தாயே. ஒரு நூல். முழங்கையை வெளியே விடு, இங்கே சுவர் இல்லை, நான்தான் இருக்கிறேன், நானும் நகர்ந்துகொண்டேன்.

விளக்கு வந்தது. மணி நான்கு இருபத்தொன்று. மின்விசிறி சுழல ஆரம்பித்ததும் எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நான் காய்களைச் சரிபார்த்தேன், மூன்று, அசையவில்லை. “ஆடலாம்” என்றேன், கடிகாரத்தை அமுக்கினேன். பவுலினா ஸ்ட்ரைக்கரை வலது கோடிக்குக் கொண்டுபோனாள், இரண்டு கோட்டையும் தொட்டு வைத்தாள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு விநாடி. கை இறங்கியது. முழங்கை உள்ளே மடங்கியது. சுண்டு விரல் ஊன்றிக்கொள்ள இடம் தேடிப் போனது, அது அம்புக்கோட்டின் மேல் போய்ப் படுத்தது, ஏதோ சொந்த வீட்டுப் பாயில் படுப்பது போல. அவள் அடித்தாள். அதைவிட அழகான சீவலை நான் பார்த்ததில்லை. ஸ்ட்ரைக்கர் வெள்ளையின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனது, வெள்ளை குழிக்குள் சத்தமில்லாமல் இறங்கியது, மண்டபம் எழுந்து கத்தியது. செலின் கையிலிருந்த அழைப்பிதழைக் காற்றில் வீசினாள். எங்கள் மன்றத்துக்காரர்கள் பின்வரிசையில் விசில் அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் நான் “ஃபவுல்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்று கையை உயர்த்தி மறுபடியும் சொன்னேன். சத்தம் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு அடங்கிக்கொண்டே போனது. “கை அம்புக்கோட்டைத் தொட்டது.” சென்னியப்பன் குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார். “எங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்கண்ணா. நாங்க கேக்கலீங்க.” தாரிணியும், “நானும் பாக்கலீங்க” என்றாள். தலைமை நடுவர் என் முகத்தைப் பார்த்தார், மாற்றிச் சொல்ல விரும்பினால் இப்போது சொல் என்பது போல. பவுலினா யாரையும் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தாள், பவுடர் கலைந்திருந்தது. சுண்டு விரலைத் திருப்பிப் பார்த்தாள், வெள்ளையாக இருந்தது. அதைப் பாவாடையில் துடைக்காமல் எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். “பட்டுச்சி. மாமா சொல்றது கரீட்டு.” அந்த நிமிடம் எனக்கு வந்த பெருமை, அவள் ஜெயித்திருந்தால் வந்திருக்காது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் முட்டியது. இப்படி ஒருத்தியை வேறு எந்தச் சந்து வளர்க்கும் என்று நினைத்தேன். விழுந்த வெள்ளையை எடுத்து வைத்தேன், பிழைக்காக இன்னொரு வெள்ளையை வைத்தேன். தாரிணி இரண்டு கறுப்பையும் இரண்டே அடியில் முடித்தாள். சிவப்போடு சேர்த்து ஐந்து புள்ளி. இருபத்து மூன்றுக்குப் பத்தொன்பது. கையெழுத்துப் போட இரண்டு பேரும் வந்தார்கள். பவுலினா கோணலில்லாமல் போட்டாள். செலின் என் நாற்காலி வரைக்கும் வந்து, “நல்லா இருப்பா, நீயும் ஒன் மன்றமும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் ஆட்கள் தாரிணிக்குக் கைகொடுத்தார்கள். கடைசி இரண்டு அடியும் முத்து, ஈரோட்டில் நல்லாப் பழக்குறாங்க என்றார்கள். ஒருவர், பவுலினா காதில் விழுகிற மாதிரியே, “இன்னொரு மூணு மாசம் சுவர்ப்பக்கந்தான், இன்னா ஏகாம்பரம்?” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது பத்து நிமிடமாக என் வாயில்தான் இருந்தது. நான் மதிப்பெண் தாளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்து நிமிர்ந்தபோது பவுலினா அங்கே இல்லை. வாசல் படியில் சென்னியப்பனும் தாரிணியும் அவளோடு நின்று எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் தன் கையை நீட்டி முழங்கையை வெளிப்பக்கமாக விரித்துக் காட்டினார், அவள் தன் கையையும் அதேபோல் நீட்டிப் பார்த்தாள்.

2019 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, திருநெல்வேலியில் நடந்த மாநில மகளிர் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் பவுலினா 25–9, 25–14 என்று வென்றாள். ஆடியது ஈரோடு மாவட்டத்துக்காக.